வெண்டல் உப்பனைத் தூக்க ஆறு பேர்

வெண்டல் உப்பன் கண்ணை மூடிய மறுநாள் காலை, அவர் மனைவி மார்லிஸ் சமையலறை ஜன்னலோரம் நின்று விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். ஒரு விரல்கூட முழுதாக மடங்கவில்லை.

எண்ணியது ஆட்களை. அயோவாவின் அந்த மூலையில், நியூ எம்டன் சர்ச்சைச் சுற்றியிருந்த பண்ணைக் குடும்பங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. செத்தவரின் பெட்டியை மேட்டடியில் கல்லறைக் கேட்டிலிருந்து மேலே குழிவரை தூக்கிப்போவது சொந்தபந்தம் அல்ல, வேலிக்காரர்கள். யாருடைய நிலம் உன் நிலத்தோடு வேலியைப் பகிர்ந்துகொள்கிறதோ, அவர்கள். உயிரோடு இருந்தவரை மாடு தாண்டியது, தண்ணீர் வடிந்தது என்று யாரோடு மல்லுக்கு நின்றாயோ, கடைசியில் அவனே உன்னைச் சுமக்கட்டும் என்று எந்த முன்னோர் நினைத்தாரோ தெரியவில்லை. நல்ல ஏற்பாடுதான். செத்த பிறகாவது சண்டை தீர்ந்துவிடும்.

வெண்டல் தன் காலத்தில் நாலு பக்கத்து வேலிக்காரர்களையும் தூக்கியவர். மீண்ட்ஸ் குடும்பத்துப் பெரியவரைத் தூக்கினார், யான்சன் சகோதரர்கள் இரண்டு பேரையும் தூக்கினார். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது மார்லிஸிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"என்னைச் சக்கர வண்டியில வச்சுத் தள்ளிட்டுப் போயிடாதே. வேலிக்காரங்க தூக்கட்டும்."

ஐம்பது வருஷக் குடித்தனத்தில் உப்பு வேண்டும் என்றுகூட வாய்விட்டுக் கேட்காதவர் அவர். உப்பு டப்பாவைப் பார்ப்பார், மார்லிஸ் நகர்த்தி வைப்பாள். அப்படிப்பட்டவர் கேட்டுவிட்ட பிறகு அதைத் தட்ட முடியுமா?

ஆனால் வேலிகள் அங்கேயே இருக்க, வேலிக்காரர்கள்தான் மாறிப்போயிருந்தார்கள். வடக்கே ஹார்லன் ஃபோல்கர்ட்ஸ் மட்டும் பழைய ஆள். எண்பது தாண்டியவர், மூக்கில் பிராணவாயுக் குழாய், பின்னால் சக்கரம் வைத்த சிலிண்டர். அவரை அரை விரலாகத்தான் வைத்துக்கொள்ள முடியும். கிழக்கே யான்சன் வீட்டில் பர்மாவின் மலைப்பக்கத்திலிருந்து வந்த சின் இனத்துக் குடும்பம் வாடகைக்கு இருந்தது. தெற்கே மீண்ட்ஸ் வீட்டையும் கொஞ்சம் நிலத்தையும் குவாதமாலாக்காரர் ஒருவர் வாங்கி ஆடு வளர்த்தார். மேற்கே ஏதோ ஒரு கம்பெனியின் நீளமான பன்றிக் கொட்டகை. அதைப் பார்த்துக்கொள்ள ஒரு கறுப்பு இளைஞன் தினமும் சிவப்புக் காரில் வந்து போனான். காங்கோ தேசத்தவன் என்று கடையில் சொல்லக் கேள்வி.

நகரத்து இறைச்சி ஆலை பெரிதானதிலிருந்து வட்டாரம் முழுக்க இதே கதைதான். பள்ளிக்கூடத்தில் குழந்தைகள் வரிசையாக நிற்கும் படத்தைப் பார்த்தால் உலக உருண்டையைச் சுற்றிவிட்ட மாதிரி இருக்கும். சிலர் முணுமுணுத்தார்கள். உப்பன் வகையறாவின் கொள்ளுத்தாத்தாக்கள் வடகடல் மணல்கரையிலிருந்து புரியாத பாஷையோடு வந்து இறங்கியபோதும் இங்கே யாரோ முணுமுணுத்துத்தான் இருப்பார்கள். அதெல்லாம் யாருக்கு ஞாபகம்?

மார்லிஸ் முணுமுணுக்கும் ரகமில்லை. அவளுக்கு எல்லாவற்றையும் தெரிந்துகொள்ள ஆசை, கேட்கத்தான் கூச்சம். சோளக்கடலுக்கு நடுவில் குடியிருந்துகொண்டு அந்த ஆட்டுக்காரர் வீட்டு வாசலில் தனியாக நாலு வரிசைச் சோளம் ஏன் போடுகிறார்? சின் வீட்டுப் பெண்கள் கூடை கூடையாகப் பறிக்கும் அந்தச் சிவப்புத் தண்டுக் கீரை என்ன கீரை? பறவை பார்க்க வாங்கிய தொலைநோக்கியைப் பறவைக்குப் பயன்படுத்தி ரொம்ப நாளாகிவிட்டது. ஆனாலும் ஒருவர் பேரும் தெரியாது. இந்த ஊரில் முன்பின் தெரியாதவர் வீட்டுக்குள் மூக்கை நுழைப்பது மரியாதைக் குறைவு.

மகள் ஜனெல் பீனிக்ஸிலிருந்து விமானத்தில் வந்து இறங்கினாள். கெட்டிக்காரி. வந்த கையோடு சவப்பெட்டிக் கடைக்காரரிடம் பேசி முடித்துவிட்டாள்.

"அவங்ககிட்ட நல்ல சக்கர வண்டி இருக்காம்மா. கறுப்புத் துணி போட்டு மூடிடுவாங்க. சக்கரமே தெரியாது."

"அப்பாவுக்குத் தெரியும்," என்றாள் மார்லிஸ்.

முதலில் ஹார்லனிடம் போனாள். அவர் நாற்காலியை விட்டு எழுந்து, சிலிண்டரை இழுத்துக்கொண்டு வந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு, "நான் தூக்கினா மேட்டுக்கு ரெண்டு பெட்டி போக வேண்டியிருக்கும், மார்லிஸ்," என்றார். மகன் மினியாபொலிஸில் முதுகில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு படுத்திருக்கிறான். "அந்தப் புதுசுங்கள கேளேன்," என்றார், தரையைப் பார்த்துக்கொண்டே. "வேலி வேலிதானே."

அவ்வளவு தூரம் தானும் யோசித்திருந்தாள். ஆனால் யாரோ ஒருவர் சொல்ல வேண்டியிருந்தது.

சின் வீட்டுக் கதவைத் தட்டியபோது அவள் கையில் கேக் இருந்தது. கை வீசிக்கொண்டு ஒருவர் வீட்டுக்குப் போகும் பழக்கம் அவளுக்கு இல்லை. கதவைத் திறந்தவன் முப்பது முப்பத்தைந்து வயசுக்காரன், குட்டையான, கெட்டியான உடம்பு. பேர் பியாக். ஆலையில் எலும்பு பிரிக்கும் பகுதியில் வேலை. உள்ளே எட்டிப் பார்த்தால் அறை கொள்ளாமல் ஆட்கள். அத்தனை பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள்.

மார்லிஸ் தன் ஊர் முறைப்படி ஆரம்பித்தாள். சனிக்கிழமை உங்களுக்கெல்லாம் வேலை இருக்கும், இருந்தால் பரவாயில்லை. முதுகுவலி, கைவலி இருந்தாலும் பரவாயில்லை. யாரையும் சிரமப்படுத்தும் எண்ணமே கிடையாது. மழை வரும் என்றும் சொல்கிறார்கள். இப்படியே சுற்றிச் சுற்றி வந்தாளே தவிர விஷயத்தைத் தொடவில்லை. பியாக் பொறுமையாகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான். அவள் முடித்ததும், தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"அம்மா, அவர் போன அன்னிக்கு சாயங்காலமே நாங்க வந்தோமே. ரெண்டு வண்டியில. எங்க வழக்கப்படி ராத்திரி உங்ககூட உக்காந்து பாடறதுக்கு. நீங்கதான் வாசல்லயே வேண்டாம்னீங்க."

அவளுக்கு நினைவு வந்தது. வாசலில் இருட்டில் நிறையப் பேர். சிரமப்பட வேண்டாம் என்று சொன்னாள். அவர்கள் தலைகுனிந்து வணங்கிவிட்டுத் திரும்பிப் போனார்கள். கதவைச் சாத்திவிட்டு, இப்படிச் சட்டென்று போய்விட்டார்களே என்று அவள் கொஞ்சம் வருத்தம்கூடப் பட்டாள்.

"நான் வேண்டாம்னு சொன்னா வேண்டாம்னு அர்த்தம் இல்ல," என்றாள் மார்லிஸ். "இங்க ஒரு தடவை வேண்டாம்பாங்க, ரெண்டாவது தடவையும் வேண்டாம்பாங்க. மூணாவது தடவை கேட்டாத்தான் சரிம்பாங்க."

பியாக் அதைத் தன் பாஷையில் உள்ளே இருந்தவர்களுக்குச் சொன்னான். அறை முழுக்க ஒரு யோசனை ஓடியது. மூலையில் இருந்த ஒரு பெண் என்னவோ கேட்டாள். எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"என்ன சொல்றாங்க?"

"என் அக்கா. ஆலையில சூப்பர்வைசர் வேலை வேணுமான்னு கேட்டாங்களாம். அடக்கமா இருக்கணும்னு ஒரு தடவை வேண்டாம்னாளாம். அவங்க ஏன் திரும்பக் கேக்கவே இல்லன்னு கேக்கறா."

 கணவன் போனபின் முதல் தடவையாக மார்லிஸுக்குச் சிரிப்பு வந்தது, வந்ததற்கு வெட்கமாகவும் இருந்தது. சிரித்த வேகத்தில் விஷயத்தையும் சொல்லிவிட்டாள். பெட்டியைத் தூக்க ஆள் வேண்டும். வேலிக்காரர்கள்தான் தூக்க வேண்டும். நீங்கள் வேலிக்காரர்கள்.

பியாக் உள்ளே கேட்கக்கூட இல்லை. தானும் வருவதாகச் சொன்னான், மைத்துனனும் வருவான், மைத்துனனின் தம்பியும் வருவான். இன்னும் ஆள் வேண்டுமா என்று கேட்டான். ஒரு வேலிக்கு மூன்று பேருக்கு மேல் கூடாது என்பது வழக்கம். இல்லாவிட்டால் அன்றைக்கே அவள் வேலை முடிந்திருக்கும். போகும்போது அந்தச் சிவப்புத் தண்டுக் கீரையை ஒரு பை நிறையக் கொடுத்தார்கள். ஒரு இலையைக் கிள்ளி வாயில் போட்டாள், பல் கூசும் புளிப்பு. இதற்குத்தானா இரண்டு வருஷமாகத் தொலைநோக்கியும் கையுமாக நின்றோம் என்று நினைத்துக்கொண்டாள்.

பன்றிக் கொட்டகைக்குள் அவளால் போக முடியவில்லை. உள்ளே நுழைகிற யாரும் குளித்துவிட்டு வேறு உடுப்பு மாற்றிக்கொண்டுதான் போக வேண்டும், வெளியே வருவதானாலும் அப்படித்தான். வெளி நோய் பன்றிக்கு வந்துவிடக் கூடாதாம். ஒரு தொலைபேசி எண் மட்டும் கதவில் ஒட்டியிருந்தது. கூப்பிட்டதும் அந்த இளைஞன் தலை ஈரம் சொட்ட, குளிரில் நடுங்கிக்கொண்டு வெளியே வந்தான். ஆறடிக்கு மேல் உயரம். பேர் எஸ்ப்வார். அவனுக்காகவாவது சுற்றி வளைக்காமல் பேச வேண்டியிருந்தது.

"வெண்டல்னா, பச்சை பிக்கப் வண்டியில போவாரே, அந்த ஒத்தை விரல்காரரா?" என்று கேட்டான்.

அவளுக்குப் புரியவில்லை. எஸ்ப்வார் காற்றில் ஒரு ஸ்டியரிங்கைப் பிடித்துக் காட்டி, ஆள்காட்டி விரலை மட்டும் உயர்த்தினான். வந்த புதிதில் தினமும் காலையில் எதிரே வரும் கிழவர் தன்னைப் பார்த்து ஒரு விரலைக் காட்டிவிட்டுப் போவதை அவன் பார்த்திருக்கிறான். மிரட்டுகிறாரா, திட்டுகிறாரா, ஒரு பன்றி செத்துப்போயிற்று என்கிறாரா என்று மண்டையைக் குடைந்திருக்கிறான். கூட வேலை செய்தவர்களைக் கேட்டால் அவர்களுக்கும் தெரியவில்லை. கடைசியில் ஒரு நாள் துணிந்து தானும் விரலைத் தூக்கிக் காட்டினான். கிழவர் தலையையும் சேர்த்து அசைத்துவிட்டுப் போனார்.

"அதுதான் வணக்கம்," என்றாள் மார்லிஸ். "எங்க ஊர்ல அவ்வளவுதான்."

"அப்புறம் புரிஞ்சுது. இந்த ஊர்ல தினமும் எனக்கு வணக்கம் சொன்ன ஆள் அவர் ஒருத்தர்தான்." அவன் மூக்கை உறிஞ்சினான். குளிரோ வேறெதுவோ. "ஒரு வாரமா வண்டியைக் காணமேன்னு பார்த்துட்டே இருந்தேன். எத்தனை மணிக்கு வரணும் சொல்லுங்க."

ஆக நாலு பேர். இன்னும் இரண்டு. தெற்கு வேலியில் ஆட்டுக்காரரும், அவரோடு இருந்த தம்பியும் வந்தால் கணக்குச் சரி. மற்ற இடங்களில் இவ்வளவு சுலபமாக முடிந்தது, இதுவும் முடிந்துவிடும் என்று அவள் நம்பிக்கொண்டு போனாள்.

ஆட்டுக்காரர் பேர் இலாரியோ. குவாதமாலாவின் மலைக்காட்டு கிராமம். வாசலில் அந்த நாலு வரிசைச் சோளத்தட்டை காய்ந்து நின்றது. சுற்றியிருக்கும் சோளமெல்லாம் பன்றிக்கும் எரிபொருள் ஆலைக்கும் போகிறது, மனுஷன் தின்பதற்கு வேறு சோளம் வேண்டாமா என்று அவர் மனைவி சொல்லிவிட்டு ரொட்டி தட்டப் போனாள். மார்லிஸ் இந்த முறை சுற்றி வளைக்கவில்லை. உட்கார்ந்த உடனே விஷயத்தைச் சொன்னாள்.

இலாரியோ தொப்பியை மடியில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தார். "அவர் என்னைக் கேட்டாரா, சென்யோரா? என் பேரைச் சொல்லி?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் வேலை முடிந்தது. செத்தவர் எழுந்து வந்து மறுக்கப் போவதில்லை. மார்லிஸின் நாக்கு நுனிவரை அது வந்துவிட்டது.

"இல்ல," என்றாள். "வேலிக்காரங்கன்னுதான் சொன்னார். உங்க பேர் அவருக்குத் தெரியுமான்னே எனக்குத் தெரியாது. எனக்கே இன்னிக்குத்தான் தெரியும்."

"அப்போ நான் சொல்றதையும் கேளுங்க." அவர் குரல் உயரவில்லை. "நான் இந்த வீட்டுக்கு வந்த வருஷம், நம்ம நடுவுல இருக்கற வேலி நெடுக சாஞ்சு கிடந்துது. ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க நானும் என் தம்பியும் நின்னு பாதி வேலிக்குக் கம்பி இழுத்துக் கட்டினோம். புதுசா வந்திருக்கோம், பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு நல்லது பண்ணலாம்னு. மறுநாள் உங்க வீட்டுக்காரர் வந்தார். நான் கட்டின கம்பியை எல்லாம் பிடுங்கிப் போட்டார். திரும்ப அவரே கட்டினார், சரியா நடு வேலி வரைக்கும். அங்க இருந்த கட்டையோட நிறுத்திட்டார். மீதி வேலி சாஞ்சபடியே கிடந்துது. என் கை பட்ட கம்பி அவருக்கு ஆகல. நாலு வருஷமா அந்த வேலியைப் பார்த்துட்டுத்தான் எந்திரிக்கறேன்."

மார்லிஸுக்கு அந்த நாள் நன்றாக நினைவிருந்தது. வெண்டல் இருட்டும்வரை வேலியில் நின்றுவிட்டு வந்து, சாப்பாட்டைத் தொடாமல் போய்ப் படுத்துக்கொண்டார். என்ன என்று கேட்டதற்கு, என் பாதியை வேறொருத்தன் கட்டும்படி விட்டுட்டேன் என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

அவள் மேசைமேல் இருந்த கத்தியை எடுத்து நடுவில் வைத்தாள். இது வேலி என்றாள். ஒரு பக்கம் நான், எதிரே நீங்கள். நடுவில் வந்து நேருக்கு நேர் நின்றால், அவரவர் வலது கைப்பக்கம் இருக்கும் பாதி அவரவர் பொறுப்பு. இந்த ஊரில் பிறந்தவனுக்கு இது பால் குடிக்கும்போதே தெரியும், அதனால் யாரும் யாருக்கும் சொல்வதில்லை. நீங்கள் கட்டியது அவருடைய பாதியை. தன் பாதியை இன்னொருவன் கட்டுகிற நிலைமைக்கு ஒரு விவசாயி விட்டுவிட்டான் என்றால் இங்கே தலை நிமிர்ந்து நடக்க முடியாது.

"அன்னிக்கு ராத்திரி அவர் சாப்பிடல. உங்க மேல கோபம் இல்ல. வெட்கம்."

 இலாரியோ நாற்காலியை விட்டு எழுந்து, மேசையின் மறுபக்கம் போய் நின்று, தன் வலது கையைப் பார்த்தார்.

"அப்போ இந்தச் சாஞ்ச பாதி என்னுதா?"

"ஆமா."

"என் ஆடெல்லாம் அந்த வழியாத்தான் அவர் பயறு வயலுக்குப் போச்சு. தினமும் ஓட்டிட்டு வந்து விடுவார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"உன் வேலியைக் கட்டுன்னு ஒருத்தர்கிட்ட சொல்றது அவமானப்படுத்தற மாதிரி. தன் பாதியை அழகா கட்டி வச்சா, அதைப் பார்த்து நீங்களே புரிஞ்சுக்குவீங்கன்னு இருந்திருப்பார்."

"நல்லாப் புரிஞ்சுக்கிட்டேன்," என்றார் இலாரியோ. அதில் சிரிப்பு இருந்ததா கசப்பு இருந்ததா என்று அவளால் சொல்ல முடியவில்லை.  பிறகு தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். "யோசிக்கறேன், சென்யோரா. தூக்கறது எங்கேயிருந்து?"

"மேட்டுக்கு அடியில, கல்லறைக் கேட்ல இருந்து," என்று சொல்லிவிட்டு வந்தாள்.

நியூ எம்டனில் யோசிக்கிறேன் என்றால் மாட்டேன் என்று அர்த்தம். முகத்துக்கு நேரே மாட்டேன் என்று அங்கே யாரும் சொல்வதில்லை. மார்லிஸ் வீட்டுக்கு வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல், சக்கர வண்டியைக் கொண்டுவரச் சொல்லிவிடு என்று ஜனெலிடம் சொன்னாள். ஜனெல் ஜெயித்த முகம் காட்டவில்லை. தாயின் தோளில் கை வைத்தாள், அவ்வளவுதான். மார்லிஸுக்கு வெண்டல் மேல் அப்படியொரு கோபம் வந்தது. நாலு வருஷம் வாயை மூடிக்கொண்டு வேலி கட்டத் தெரிந்தது, வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு வார்த்தை பேசத் தெரியவில்லை. இப்போது என்னைத் தூக்கு என்றால் யார் தூக்குவார்கள்? கோபித்துக்கொண்டே அழுதாள்.

சனிக்கிழமை மழை வரவில்லை, காற்றுதான் ஊசியாகக் குத்தியது. சர்ச்சில் பழைய குடும்பங்கள் வழக்கம்போல் பின்பெஞ்சுகளில் நெருக்கியடித்து உட்கார, பியாக்கோடு வந்த சின் கூட்டம் முன்வரிசை முழுக்க நிரம்பியது. வேலியில் மூன்று பேர்தான் தூக்கலாம், பாடுவதற்கு அளவு சொல்லவில்லையே என்பது அவர்கள் கட்சி. நியூ எம்டன் சர்ச்சில் அப்படி ஓர் உரத்த பாட்டை யாரும் கேட்டதில்லை. எஸ்ப்வார் கடன் வாங்கிய கோட்டில், மணிக்கட்டு வெளியே தெரிய, தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். தெற்கு வேலிக்காரர் வரவில்லை. மார்லிஸ் கதவுப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்துக் கழுத்து வலித்ததுதான் மிச்சம்.

ஆராதனை முடிந்ததும், கறுப்புத் துணி போட்ட வண்டியில் பெட்டியை வைத்து உருட்டிக்கொண்டு வெளியே வந்தார்கள். நாலு பேரும் கைகளை என்ன செய்வது என்று தெரியாமல் இரண்டு பக்கமும் நடந்தார்கள். சக்கரம் ஒன்று கிறீச்சிட்டது. துணி சக்கரத்தை மறைத்ததே தவிர சத்தத்தை மறைக்கவில்லை.

மேட்டுக்கு அடியில், கல்லறைக் கேட்டருகே, இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். வெள்ளைச் சட்டை, கையில் தொப்பி, குளிரில் உதடு நீலம். இலாரியோவும் தம்பியும்.

"எவ்வளவு நேரமா நிக்கறீங்க?" என்றாள் மார்லிஸ்.

"காலையில இருந்து," என்றார் இலாரியோ. "கேட்ல இருந்துன்னு சொன்னீங்களே. சர்ச்சுக்குள்ள வரச் சொல்லலையே."

"நீங்க யோசிக்கறேன்னு சொன்னீங்க."

"யோசிச்சேன்."

மார்லிஸ் சவப்பெட்டிக் கடைக்காரரைப் பார்த்து, வண்டியை எடுத்துவிடுங்கள் என்றாள். தயவுசெய்து இல்லை, சிரமம் இல்லையென்றால் இல்லை, எதுவும் இல்லை. ஜனெல் அம்மாவை ஏற இறங்கப் பார்த்தாள்.

ஹார்லன் சிலிண்டரை இழுத்துக்கொண்டு முன்னால் வந்தார். அந்த மேட்டில் பெட்டி தூக்குவது எப்படி என்று தெரிந்தவர் அவர் ஒருவர்தான். மேடேறும்போது பின்னால் இருப்பவன் உயரமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே இருப்பவர் தலைகீழாகப் போவார் என்று எஸ்ப்வாரைத் தலைமாட்டுக்கு அனுப்பினார். பியாக்கை முன்னால் நிறுத்தினார். இலாரியோவின் கையைப் பிடித்து நடுக் கைப்பிடியில் வைத்துவிட்டு, கையை எடுக்க மறந்து அங்கேயே கொஞ்சம் நின்றார். பிறகு, "தூக்குங்க," என்றார்.

ஆறு பேரும் தூக்கினார்கள். வழியில் ஒருமுறை சரளைக்கல் சறுக்கிப் பெட்டி ஆடியது. யாரோ சின் பாஷையில் கத்த, யாரோ ஸ்பானிஷில் பதில் சொல்ல, எல்லோருக்கும் புரிந்துவிட்டது போலச் சமாளித்து நின்றார்கள். மார்லிஸ் பின்னால் நடந்தாள். அவளுக்குள் இருந்த பாரம் ஒவ்வொரு அடிக்கும் குறைந்தது. போய்ச் சேர்ந்துவிட்டாய், கிழவா, நீ கேட்டபடியே போய்ச் சேர்ந்துவிட்டாய் என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டாள்.

பெட்டியை இறக்கி, ஜெபம் முடிந்ததும், ஊர்க்காரர்கள் வழக்கப்படி உடனே கீழே இறங்க ஆரம்பித்தார்கள். சர்ச்சின் கீழ்த்தளத்தில் பன்றித்தொடை வைத்த ரொட்டியும் உருளைக்கிழங்கு சாலடும் காபியும் தயாராக இருக்கும். மண் மூடுவதை அங்கே யாரும் நின்று பார்ப்பதில்லை. மரங்களுக்குப் பின்னால் மஞ்சள் நிற மண் அள்ளும் இயந்திரம் மறைவாக நிற்கும். எல்லோரும் சாப்பிடப் போன பிறகு அது வந்து வேலையை முடிக்கும். மார்லிஸும் பாதி மேடு இறங்கிவிட்டாள். திரும்பிப் பார்த்தால், தூக்கிய ஆறு பேரும் குழியருகே அப்படியே நிற்கிறார்கள். எதையோ தேடுகிறார்கள்.

ஜனெலின் பிடியிலிருந்து கையை விடுவித்துக்கொண்டு மார்லிஸ் மேலே ஏறிப் போனாள். என்ன என்று கேட்டாள்.

"மண்வெட்டி எங்க இருக்கு, அம்மா?" என்றான் பியாக்.

இயந்திரம் இருக்கிறது, அதற்கு ஆளும் இருக்கிறான், நீங்கள் சாப்பிட வாருங்கள் என்றாள். பியாக் இலாரியோவைப் பார்த்தான், இலாரியோ எஸ்ப்வாரைப் பார்த்தார். மூன்று பேருக்கும் ஒருவர் ஊர் ஒருவருக்குத் தெரியாது. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் மூன்று பேர் முகமும் ஒரே மாதிரி சுருங்கியது.

"மூடாம விட்டுட்டா சாப்பிடப் போறது?" என்றார் இலாரியோ. "தனியா விட்டுட்டு?"

ஏன் விட்டுவிட்டுப் போகிறோம்? அவளுக்குத் தெரியவில்லை. அம்மாவை அப்படித்தான் விட்டுவிட்டு வந்தாள், அப்பாவை அப்படித்தான் விட்டுவிட்டு வந்தாள். அடுத்த நாள் வந்து பார்த்தால் மேல்மண் தட்டிச் சுத்தமாக இருக்கும், பூச்சட்டி இருக்கும். நடுவில் நடந்தது என்ன என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. எல்லாவற்றையும் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டவள் இதை மட்டும் கேட்காமலே இருந்துவிட்டாள்.

கல்லறைக் கொட்டகையின் சாவி எங்கே இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். நாலைந்து மண்வெட்டிகள் கிடந்தன. மாற்றி மாற்றி அள்ளினார்கள். முதல் மண் பெட்டிமேல் விழுந்த சத்தத்துக்கு மார்லிஸுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்புறம் பழகிவிட்டது. எஸ்ப்வாரின் கையிலிருந்ததை வாங்கித் தானும் அள்ளிப் போட்டாள். தோள் வலித்தது, நல்ல காலணி பாழாயிற்று. அழுகை வந்தது, அடக்கவில்லை. அந்த ஊரில் அழுகையை வீட்டுக்குக் கொண்டுபோய்த்தான் அழ வேண்டும். அவளுக்கு இனி அதற்குப் பொறுமை இல்லை.

கீழே ஒரு சங்கடம் மூண்டது. துக்க வீட்டுக்காரர் தட்டை எடுக்காமல் மற்றவர் எடுக்கக் கூடாது என்பது இன்னொரு வழக்கம். ஊரே காலித் தட்டோடு வரிசையில் நின்று, காபி ஆறுவதைப் பார்த்தது. முதலில் ஒருவர் வெளியே வந்து மேட்டை அண்ணாந்து பார்த்தார். பின்னால் இரண்டு பேர். அப்புறம் பசியோ, ஆச்சரியமோ, எல்லோருமே ஏறி வந்துவிட்டார்கள். குழியைச் சுற்றி நின்று, மண் விழுவதைக் கண்கொட்டாமல் பார்த்தார்கள். அறுபது எழுபது வயது ஆட்கள், தங்கள் அப்பா அம்மாவுக்குக்கூட இதைப் பார்க்காதவர்கள். இயந்திரக்காரர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு அவர்களோடு வந்து நின்றார். ஜனெல் வந்து அம்மாவிடமிருந்து மண்வெட்டியை வாங்கிக்கொண்டாள்.

மேடு தட்டி முடித்ததும் இலாரியோ குனிந்து, ஈர மண்ணில் உள்ளங்கையை வைத்து, தன் பாஷையில் மெதுவாக என்னவோ சொன்னார்.

"என்ன சொன்னீங்க?" என்று மார்லிஸ் கேட்டாள்.

அவர் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். கொஞ்சம் கூச்சப்பட்டார். "எங்க அப்பாவை மூடினப்போ சொன்னது. நீங்க தூங்குங்க, நாங்க இங்கதான் இருக்கோம்னு."

 ஹார்லன் சிலிண்டரை விட்டுவிட்டு, இரண்டு எட்டு முன்னால் வந்து, இலாரியோவின் மண் ஒட்டிய கையைப் பிடித்துக்கொண்டார்.

"உன் பேர் என்னப்பா?" என்று கேட்டார்.